டாக்ஸிசைக்ளின் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது?

"டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., 1-0-1, 7 நாள்." மருத்துவர் சீட்டில் இப்படி ஒரு வரி இருக்கும். மெடிக்கலில் அதைப் பார்த்துப் பதினான்கு மாத்திரைகளை எண்ணிக் கவரில் போட்டு, காலை, இரவு என்று பேனாவால் குறித்துத் தருவார்கள். அவ்வளவுதான். எவ்வளவு தண்ணீரோடு விழுங்குவது, விழுங்கியதும் படுக்கலாமா, காலைக் காப்பியோடு போடலாமா, ஏற்கெனவே சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரையை என்ன செய்வது, வெயிலில் போகலாமா? இவை எதுவும் அந்த வரியில் இல்லை. கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் இதையெல்லாம் உட்கார்ந்து சொல்ல மருத்துவருக்கும் நேரம் இருப்பதில்லை. ஆனால் இந்த மருந்து சரியாக வேலை செய்வதும், நம்மைப் படுத்தாமல் இருப்பதும் சீட்டில் எழுதாமல் விட்ட இந்த விஷயங்களைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றிப் பொத்தாம்பொதுவாக எழுதினால் "மருத்துவர் சொன்னபடி சாப்பிடுங்கள்" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு. ஒன்றை வெறும் வயிற்றில் போட வேண்டும், இன்னொன்றைச் சாப்பிட்ட பிறகு. ஒன்று சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவு குறைக்க வேண்டியது, இன்னொன்றுக்கு அது தேவையில்லை. அதனால் இங்கே ஒரே ஒரு மருந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டாக்ஸிசைக்ளின் விலை குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே கிடைக்கும். தமிழ்நாட்டில் மழைக்காலக் காய்ச்சல்களுக்கு இதை அடிக்கடி எழுதுகிறார்கள். முகப்பருவுக்கும் எழுதுகிறார்கள். விழுங்கும் முறையில் கவனம் கேட்கிற மருந்தும் இதுதான்.

எந்தக் கிருமி?

நம்மைப் படுக்க வைக்கும் காய்ச்சல்களில் பெரும்பாலானவை ஒன்று வைரஸால் வருபவை, அல்லது பாக்டீரியாவால் வருபவை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டும்தான் தாக்கும். சளி, ஃப்ளூ, டெங்கு, சிக்குன்குனியா, கோவிட் எல்லாம் வைரஸ். அவற்றின் மீது இது எதுவும் செய்யாது. "கொஞ்சமாவது கேட்காதா" என்றால், கேட்காது.

ஏன் என்று தெரிந்துகொண்டால் இது மனதில் நிற்கும். பாக்டீரியா ஒரு முழு உயிர். தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே செய்துகொள்ளும். அந்த வேலை நடக்கும் இடம் ரைபோசோம். டாக்ஸிசைக்ளின் உடம்புக்குள் போய் பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. நம் செல்களிலும் ரைபோசோம் உண்டு. ஆனால் அதன் அமைப்பு வேறு என்பதால் நாம் தப்பித்துவிடுகிறோம். வைரஸுக்கோ சொந்தமாக ரைபோசோமே கிடையாது. நம் செல்லுக்குள் நுழைந்து, நம்முடையதை வைத்தே தன் வேலையை முடித்துக்கொள்ளும். அப்படி இருக்கும்போது இந்த மருந்து எதைப் போய்ப் பிடிக்கும்?

இன்னொரு விஷயம். டாக்ஸிசைக்ளின் பாக்டீரியாவை நேரடியாகக் கொல்வதைவிட, அதைப் பெருகவிடாமல் நிறுத்துகிற மருந்து. மிச்ச வேலையைச் செய்வது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்திதான். முதல் மாத்திரை போட்ட அன்று மாலையே காய்ச்சல் இறங்கவில்லை என்று வேறு மருத்துவரைத் தேடி ஓடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

"பவரான" மருந்து எது?

"டாக்டர், கொஞ்சம் பவரா ஏதாவது எழுதிக் குடுங்க." கிளினிக் வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இது காதில் விழும். மாத்திரையைவிட ஊசி பவர், பழைய மருந்தைவிடப் புதியது பவர், பத்து ரூபாய் மாத்திரையைவிட நூறு ரூபாய் மாத்திரை பவர் என்று ஒரு கணக்கு நம் ஊரில் இருக்கிறது. இந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பதற்கு ஸ்க்ரப் டைபஸ் நல்ல உதாரணம்.

நாளிதழ்களில் உண்ணிக் காய்ச்சல் என்று வருவது இதுதான். புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்பூச்சி கடிப்பதால் வருகிறது. அந்தப் பூச்சி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கடித்ததும் தெரியாது. பத்து நாள் கழித்துக் கடுமையான காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. தமிழ்நாட்டில் மழை மாதங்களிலும் அதை அடுத்த குளிர் மாதங்களிலும் அதிகம் பார்க்கலாம். டெங்குவும் அதே காலத்தில்தான் வருகிறது. இரண்டிலுமே ரத்தத்தில் தட்டணுக்கள் குறையலாம் என்பதால் வீட்டில் இருந்தபடி இது அதுதான் என்று முடிவு கட்ட முடியாது.

சில பேருக்குப் பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, இடுப்பில் துணி இறுக்கிக் கட்டும் இடம் என்று மறைவான இடங்களில் இருக்கும் என்பதால் நோயாளிக்கே தெரியாமல் போய்விடும். தெரிந்தாலும் சொல்லக் கூச்சப்படுவார்கள், முக்கியமாகப் பெண்கள். தயவுசெய்து சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே நோயைச் சுட்டிக்காட்டக்கூடிய அடையாளம் அது. எல்லோருக்கும் வராது, ஆகவே பொருக்கு இல்லை என்பதால் இந்தக் காய்ச்சல் இல்லை என்றும் ஆகாது.

இந்த நோயை உண்டாக்கும் பாக்டீரியா நம் செல்லுக்குள்ளேயே புகுந்து குடியிருப்பது. பெனிசிலின் குடும்பத்து மருந்துகளும், பலரும் "பவர்" என்று நம்பும் செஃப்ட்ரையாக்சோன் ஊசியும் இதன் மேல் வேலை செய்வதில்லை. நாளுக்கு இரண்டு ஊசி போட்டுக்கொண்டே இருக்கலாம், காய்ச்சல் அப்படியே இருக்கும். அதற்குள் நுரையீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ மூளைக்கோ நோய் பரவிவிடலாம். விலை குறைந்த, பழைய டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்க ஆரம்பிக்கிறது. நோய் முற்றிவிட்டால் நிலைமை வேறு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் வேறு சில இந்திய மருத்துவமனைகளும் சேர்ந்து, தீவிர நிலையில் வந்த சுமார் 800 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அந்த நிலையில் டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் தருகிறது என்று அதில் தெரிந்தது. அது ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துச் செய்யும் வைத்தியம். வீட்டில் இரண்டு மாத்திரைகளையும் சேர்த்துப் போட்டுப் பார்க்க அதில் இடமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று கூறாகப் பிரித்து வைத்திருக்கிறது: தாராளமாகக் கிடைக்க வேண்டியவை, கண்காணிப்போடு கொடுக்க வேண்டியவை, கடைசிக் கட்டத்துக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டியவை. டாக்ஸிசைக்ளின் முதல் கூறில் இருக்கிறது. நம் ஊர் கிளினிக்குகளில் தண்ணீர்பட்ட பாடாகப் புழங்கும் அசித்ரோமைசினும் செஃப்ட்ரையாக்சோனும் இரண்டாவது கூறில். எது எளிய மருந்து, எது யோசித்துக் கொடுக்க வேண்டியது என்பதில் நம் கணக்கு தலைகீழாக இருப்பது இதில் தெரியும்.

டாக்ஸிசைக்ளின் பிறந்த குடும்பத்துக்குச் சென்னையோடு ஒரு தொடர்பு உண்டு. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ் லெடர்லி நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார். அவர் மேற்பார்வையில், ஓய்வு வயதைத் தாண்டிவிட்ட பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர், மிசோரி மாநிலத்து வயல் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து குளோர்டெட்ராசைக்ளின் என்ற மருந்தைக் கண்டெடுத்தார். அது உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1948-இல். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். டெட்ராசைக்ளின் குடும்பத்தில் முதல் மருந்து அது. அதன் அமைப்பை வேதியியலாளர்கள் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் வந்த டாக்ஸிசைக்ளின் 1967-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சீட்டு வாங்கும் முன் சொல்ல வேண்டியவை

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன.

கர்ப்பமாக இருந்தால், அல்லது இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால்கூடச் சொல்லிவிட வேண்டும். டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகள் சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளவை. வளரும் குழந்தையின் பல்லிலும் எலும்பிலும் போய்ப் படியக்கூடியவை. கர்ப்பிணிக்கு ஸ்க்ரப் டைபஸ் வந்தால் மருத்துவர்கள் அசித்ரோமைசின் கொடுப்பது இதனால்தான். தாய்ப்பால் கொடுப்பவர்களும் சொல்ல வேண்டும்.

எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பல்லில் கறை படியும் என்று சொல்லி இந்த மருந்தை நெடுங்காலம் தவிர்த்து வந்தார்கள். அந்தப் பயம் பழைய டெட்ராசைக்ளினைப் பார்த்து வந்தது. டாக்ஸிசைக்ளின் சுண்ணாம்பில் அந்த அளவுக்கு ஒட்டுவதில்லை. அதனால் ஸ்க்ரப் டைபஸ் மாதிரியான ஆபத்தான நோய்க்கு, குறைந்த நாட்களுக்கு, சின்னக் குழந்தைக்கும் இதைக் கொடுக்கலாம் என்ற நிலைக்கு இப்போது குழந்தை மருத்துவர்கள் வந்திருக்கிறார்கள். மருத்துவர் எழுதியிருந்தால் பயந்துபோய் நிறுத்த வேண்டாம். அவர் எழுதாமல் பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மற்ற மாத்திரைகளைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுவது நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுபவருக்கு டாக்ஸிசைக்ளின் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்ற வலிப்பு மருந்துகள் டாக்ஸிசைக்ளினை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் தலைக்குள் அழுத்தம் கூடி, கடும் தலைவலியும் பார்வை மங்கலும் வரலாம். ஒரே பருவுக்கு இரண்டு மருத்துவர்களைப் பார்க்கும் இளைஞர்களிடம் இந்த இரண்டு மருந்துகளும் சேர வாய்ப்பு இருக்கிறது. டாக்ஸிசைக்ளினோ அதே குடும்பத்து வேறு மருந்தோ முன்பு ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

விழுங்குவதில்தான் இருக்கிறது

நம்மில் பலர் மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்குவோம். சிலர் தண்ணீரே இல்லாமல் தொண்டைக்குள் தள்ளிவிடுவார்கள், அதில் ஒரு பெருமை வேறு. டாக்ஸிசைக்ளினிடம் அது செல்லாது.

இந்த மருந்து கரைந்தால் அமிலத்தன்மை உள்ளது. வயிறு அதைத் தாங்கும். உணவுக்குழாய் தாங்காது. போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் மாத்திரை, அதிலும் கேப்ஸ்யூல், உணவுக்குழாயின் நடுவில் எங்காவது ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையும். அந்த இடம் புண்ணாகிவிடும். அடுத்த நாள் நடு நெஞ்சில் சுருக்கென்று குத்தும். எச்சில் விழுங்கினால்கூட வலிக்கும். மாரடைப்போ என்று பயந்து நடுராத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிற அளவுக்கு வலி இருக்கலாம்.

இதைத் தவிர்ப்பது சுலபம். உட்கார்ந்தோ நின்றோ ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காப்பி டம்ளர் அளவு போதாது. 200 மில்லிக்குக் குறையாமல் இருக்கட்டும். அப்புறம் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் படுக்கக் கூடாது.

சிக்கல் இரவு மாத்திரையில்தான். 1-0-1 என்று எழுதியிருப்பதில் கடைசி 1-ஐப் பெரும்பாலானவர்கள் "தூங்கப் போகும்போது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். படுக்கையில் உட்கார்ந்து, தலைமாட்டில் இருக்கும் சொம்பில் ஒரு வாய் குடித்து, மாத்திரையைப் போட்டதும் சாய்ந்துவிடுகிறார்கள். காய்ச்சல்காரருக்கு உட்கார்ந்திருக்கவும் தெம்பு இருக்காது என்பது புரிகிறது. அதனால்தான் இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முடித்து, உடனே மாத்திரையையும் போட்டுவிட வேண்டும். டாக்ஸிசைக்ளின் உடம்பில் பாதியாகக் குறையவே 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே காலை எட்டு, இரவு எட்டு என்று கடிகாரத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை; ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் குடி முழுகிவிடாது.

சாப்பிட்ட பிறகு போடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். வெறும் வயிற்றில் போட்டால் பலருக்குக் குமட்டும்; குமட்டினால் மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். உணவோடு போட்டால் மருந்து ரத்தத்தில் சேருவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது உண்மைதான். அதனால் வைத்தியம் கெட்டுப்போவதில்லை. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுவது, ஒன்றும் சாப்பிடாமல் போட்டு வாந்தி எடுப்பதைவிட மேல்.

பால், இரும்பு, அன்டாசிட்

மேலே சொன்ன சுண்ணாம்பில் ஒட்டும் குணம் இங்கேயும் வருகிறது. டெட்ராசைக்ளின் குடும்பம் கால்சியம், இரும்பு, மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் இவற்றில் எதைக் கண்டாலும் அதோடு பிணைந்துகொள்ளும். பிணைந்த மருந்து குடலில் உறிஞ்சப்படாமல் மலத்தோடு போய்விடும்.

பால் இதில் சின்ன எதிரி. பழைய டெட்ராசைக்ளினைப் பாலோடு சாப்பிட்டால் பாதி மருந்து வீணாகும். டாக்ஸிசைக்ளினுக்கு அந்த அளவு நஷ்டம் இல்லை. இருந்தாலும் மாத்திரையைப் பாலோடும் மோரோடும் விழுங்காதீர்கள். காலைக் காப்பியை அப்புறம் குடித்துக்கொள்ளலாம்.

பெரிய எதிரிகள் சத்து மாத்திரைகளும் அன்டாசிட்டும்தான். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்குக் கால்சியம், கோவிட் காலத்திலிருந்து பழக்கமாகிவிட்ட ஜிங்க் என்று நம் வீடுகளில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அதை யாரும் மருந்தாக நினைப்பதே இல்லை. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், "சத்து மாத்திரை?" என்று கேட்டால்தான் "அது சாப்பிடுறேன்" என்று வரும். டாக்ஸிசைக்ளினையும் இவற்றையும் ஒரே கையில் வைத்து ஒரே மடக்கில் விழுங்கினால் ஆன்டிபயாடிக்கில் ஒரு பகுதி வீண். குறைந்தது இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு இதில் கொஞ்சம் முரட்டுத்தனமானது. டாக்ஸிசைக்ளின் ரத்தத்திலிருந்து திரும்பவும் குடலுக்கு வந்து போகிற மருந்து என்பதால், இடைவெளி விட்டுப் போட்டாலும் இரும்பு அதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். ஏழு நாளைக்கு இரும்பு மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரிடமே கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலும் சரி என்பார்.

மாத்திரை போட்டதும் வயிறு எரிகிறது என்று வீட்டில் இருக்கும் ஜெலுசிலையோ டைஜீனையோ இரண்டு மூடி ஊற்றிக் குடிப்பதும் இதே கதைதான். அவற்றில் அலுமினியமும் மெக்னீசியமும் இருக்கின்றன. சீட்டிலேயே மருத்துவர் எழுதித் தரும் பான்டோப்ரசோல் போன்ற "கேஸ் மாத்திரை" வேறு வகை. அதில் இந்தப் பிரச்சினை இல்லை.

வெயில்

டாக்ஸிசைக்ளின் சாப்பிடும் நாட்களில் தோல் வெயிலைத் தாங்கும் சக்தி குறையும். கொஞ்ச நேர வெயிலிலேயே முகம், கழுத்து, புறங்கை சிவந்து எரியலாம், கொப்புளம்கூட வரலாம். கருத்த தோலுக்கு இது வராது என்ற நம்பிக்கை சரியில்லை; சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், எரிச்சல் தெரியும். வயல் வேலை, கட்டட வேலை செய்பவர்களும் நாள் முழுக்க டூவீலரில் சுற்றுபவர்களும் முழுக்கைச் சட்டை, தொப்பி அல்லது துண்டு, முடிந்தால் குடை வைத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலுக்கு ஒரு வாரம் சாப்பிடுபவருக்கு இது அவ்வளவு பெரிய விஷயமில்லை, எப்படியும் வீட்டில்தான் படுத்திருப்பார். முகப்பருவுக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சாப்பிடும் கல்லூரிப் பிள்ளைகளுக்குத்தான் முக்கியம்.

எத்தனை நாள்?

மருத்துவர் எழுதிய நாள் வரை. அவர் ஐந்து நாள் எழுதினால் ஐந்து, ஏழு எழுதினால் ஏழு. ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிட வேண்டியதுதான். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. போட்ட சிறிது நேரத்தில் வாந்தி வந்துவிட்டால், திரும்பவும் போடலாமா என்று எழுதிக் கொடுத்தவரிடம் போன் செய்து கேட்பதுதான் சரி.

"கோர்ஸ் முடிக்காவிட்டால் கிருமி பலமாகிவிடும்" என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருப்போம். இதில் மருத்துவ உலகத்தின் பார்வையும் கொஞ்சம் மாறியிருக்கிறது. பல தொற்றுகளுக்கு முன்பு பத்து நாள் கொடுத்த இடத்தில் இப்போது ஐந்து நாள் போதும் என்று தெரிந்திருக்கிறது. தேவைக்கு அதிகமாகச் சாப்பிடுவதும் கெடுதல்தான். ஆனால் "குறைத்தால் போதும்" என்ற முடிவு ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியே ஆராய்ந்து எடுத்தது. ஸ்க்ரப் டைபஸில் காய்ச்சல் இரண்டாம் நாளே இறங்கிவிடும், நோய் முடிந்துவிட்டதாகத் தோன்றும். அப்போதே நிறுத்தினால் காய்ச்சல் திரும்பிவர வாய்ப்பு இருக்கிறது. உடம்பு நன்றாகிவிட்டது, நிறுத்தலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம், தப்பில்லை. கேட்காமல் நிறுத்துவதுதான் தப்பு.

மருந்துக்கு உடம்பு பழகிவிடும் என்பதும் சரியான பேச்சு இல்லை. பழகுவது பாக்டீரியா. ஒரு மாத்திரை போட்டால் அது நோய்க் கிருமியை மட்டும் தேடிப் போவதில்லை. குடலில், தோலில், வாயில் இருக்கும் கோடிக்கணக்கான சாதாரண பாக்டீரியாக்கள் மேலும் படும். அவற்றில் மருந்தைத் தாங்கக்கூடியவை மிஞ்சிப் பெருகும், தாங்கும் வித்தையை மற்ற பாக்டீரியாக்களுக்கும் மரபணு வழியாகக் கொடுக்கும். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் போட்டால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது, இந்தப் பயிற்சி மட்டும் நடக்கும். 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக 12.7 லட்சம் பேர் உலகம் முழுக்க இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது

லேசான குமட்டல், பசியின்மை, வயிறு கொஞ்சம் இளகிப்போவது, இதெல்லாம் வரும், போகும். பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் வரலாம். அது பூஞ்சை, தனியாக மருந்து இருக்கிறது, சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

உடம்பெங்கும் தடிப்பு, உதடோ முகமோ வீங்குவது, மூச்சுவிடச் சிரமம் வந்தால் அடுத்த மாத்திரை கிடையாது, நேராக ஆஸ்பத்திரிதான். விழுங்கும்போது நெஞ்சில் குத்தினால், பார்வை மங்கலோடு விடாத தலைவலி வந்தால், தண்ணீராகவோ ரத்தத்தோடோ பலமுறை பேதி போனால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை முடிந்து சில வாரங்கள் கழித்துக்கூட இந்தப் பேதி வரலாம். அப்போது பழைய ஆன்டிபயாடிக் யாருக்கும் நினைவிருக்காது. நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நோய் வராமலே சாப்பிடுபவர்கள்

டாக்ஸிசைக்ளினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எலிக்காய்ச்சல் பரவும் இடங்களில், சேற்றிலும் வெள்ளத்திலும் இறங்க வேண்டியவர்களுக்கு முன்கூட்டியே வாரம் ஒருமுறை 200 மி.கி. கொடுப்பார்கள். 2018-இல் கேரள வெள்ளத்தின்போது மீட்புப் பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது இதைத்தான். இலங்கையில் நெல் விவசாயிகளுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் மூலம் கொடுக்கிறார்கள். இது சுகாதாரத் துறை ஆபத்தைப் பார்த்து, குறிப்பிட்ட ஆட்களுக்கு, குறிப்பிட்ட வாரங்களுக்குக் கொடுப்பது. மழை வந்துவிட்டது, நாமும் வாரம் இரண்டு போட்டுக்கொள்வோம் என்பதற்கு அல்ல. அப்படி வாங்கிச் சாப்பிடுபவர்களும் அதே முழு டம்ளர் தண்ணீரைக் குடித்துத்தான் ஆக வேண்டும்.

கடையிலும் அலமாரியிலும்

டாக்ஸிசைக்ளின் அட்டையின் பின்பக்கம் பார்த்தால் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்பதற்கான அடையாளம். இந்தக் கோட்டை மக்களுக்குத் தெரியவைக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் ஒரு பிரச்சாரமே நடத்தியது. ஆனாலும் "காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்று கேட்டால் உதிரி மாத்திரைகளை மடித்துத் தரும் கடைகள் இருக்கவே செய்கின்றன. அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று மறுநாள் மருத்துவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சீட்டோடு வாங்கும்போதும் அட்டையை வெட்டித் தந்தால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

ஏதோ காரணத்தால் மாத்திரை மீந்துபோனால் அதை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்க வேண்டாம். அடுத்த காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். போதாக்குறைக்கு, மீந்த நாலு மாத்திரை எந்த நோய்க்கும் முழு வைத்தியம் ஆகாது. காலாவதியாகிச் சிதைந்த பழைய டெட்ராசைக்ளினைச் சாப்பிட்டுச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 1960-களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

சரியாக விழுங்கி, இரும்பையும் அன்டாசிட்டையும் தள்ளி வைத்து, இரண்டு முழு நாட்கள் ஆன பிறகும் காய்ச்சல் அதே சூட்டில் நின்றால் மூன்றாம் நாள் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். நோய் வேறாக இருக்கலாம், மருந்து போதாமல் இருக்கலாம். மூச்சுவாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். போகும்போது மாத்திரை அட்டையையும், என்றைக்கு எத்தனை மணிக்கு முதல் மாத்திரை போட்டீர்கள் என்ற தகவலையும் கையோடு கொண்டுபோங்கள்.